ஈயத்தில் ஒரு விண்படை: குமரிப் பக்கத்தில் உலோகக் கப்பல் சேர்ப்பதும் வார்ப்பதும்

சின்ன விண்கப்பல் பொம்மைகளை நகர்த்தி மேசைமேல் ஆடும் விண்வெளிப் போருக்குப் பிளாஸ்டிக் கப்பலும் உண்டு, ரெசின் கப்பலும் உண்டு. இருந்தாலும் கட்டைவிரல் நீளமே உள்ள ஒரு குரூசர் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்) நாற்பது கிராம் கனத்தோடு உள்ளங்கையில் உட்காரும் சுகம் உலோகத்தில்தான் கிடைக்கும். உருகிய ஈயம் எந்த வழியாக இறங்கும், உள்ளே இருக்கும் காற்று எந்த வழியாக வெளியேறும் என்று பார்த்து வரைந்த கப்பல்தான் வார்ப்பில் முழுசாக வரும். கடையில் வாங்கும் கப்பலையும் அதே கண்ணோடு பார்க்கப் பழகிவிட்டால், சொந்தமாக வடிவமைப்பதில் பாதி வேலை முடிந்தது.

முதலில் கொஞ்சம் வாங்குங்கள்

எடுத்த எடுப்பிலேயே வார்க்க உட்கார வேண்டாம். ஏழு கப்பல் போதும்: 70 முதல் 90 மி.மீ. நீளத்தில் ஒரு பெரிய போர்க்கப்பல், 45 முதல் 55 மி.மீ.க்குள் இரண்டு குரூசர், 25 முதல் 30 மி.மீ.க்குள் நான்கு ஃபிரிகேட் என்னும் சிறு கப்பல். ஒரு மாலை ஆட்டத்துக்கு ஒரு பக்கத்துக்கு இதுவே நிறைவான படை.

எந்த விளையாட்டுக்கு என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். 1979இல் வந்த ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ் அறுகோணக் கட்டம் போட்ட வரைபடத்தில் ஆடுவது. கப்பல் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்றால் பக்கத்துக் கப்பலை இடிக்கும். 1999இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்ட பேட்டில்ஃப்ளீட் காத்திக் இப்போது தயாரிப்பில் இல்லை; அதன் உலோகக் கப்பல்கள் பழைய சரக்காக, நல்ல விலைக்குத்தான் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சரியான வாசல், இங்கிலாந்தின் கிரவுண்ட் ஜீரோ கேம்ஸுக்காக ஜான் டஃப்லி எழுதிய ஃபுல் த்ரஸ்ட். விதிநூலை அவர்களே இலவசமாகத் தருகிறார்கள். யாருடைய கப்பலையும் அதில் ஓட்டலாம், நீங்கள் வார்த்ததையும் சேர்த்து. அந்த நிறுவனமும், இங்கிலாந்திலேயே உள்ள பிரிகேட் மாடல்ஸும் உலோகக் கப்பல்களை இன்றும் விற்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவோடு சுங்க வரியும் சேரும். நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரம் பக்கத்து நண்பர்கள் சேர்ந்து ஒரே பொட்டலமாக எடுப்பது நல்லது.

கப்பல் கைக்கு வந்ததும் வண்ணம் பூச ஓடாதீர்கள். ஒரு லென்ஸை எடுத்து அதன் உடம்பைப் படியுங்கள். ஓரத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு ஓடும்; அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடம் அது. எங்கோ ஓரிடத்தில் அரம் போட்டு வெட்டிய தடம் இருக்கும். உலோகம் நுழைந்த வாய் அது. இறக்கை நுனியில் சிறு மொட்டு தெரிந்தால் அது காற்றுவழி. அனுபவமுள்ள வடிவமைப்பாளர் சேர்கோட்டைக் கப்பலின் விளிம்பிலேயே ஒளித்திருப்பார், வாயை எஞ்சினின் தட்டையான முகத்திலோ அடிவயிற்றிலோ வைத்திருப்பார். வாங்கிய ஏழு கப்பலுக்கும் இந்த மூன்றையும் ஒரு தாளில் வரைந்து வையுங்கள். பிறகு நீங்கள் வரையும்போது இந்தத் தாளைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

வாங்கிய கப்பலை அப்படியே அச்செடுத்து வார்ப்பது மட்டும் கூடாது. அது இன்னொருவரின் உழைப்பு, அவருடைய சோறு. இந்தச் சின்னத் தொழில் உயிரோடு இருப்பது அதை மதிப்பவர்களால்தான்.

காரீயமா, வெள்ளீயமா

1990களின் நடுப்பகுதிக்கு முன் வார்த்த கப்பல்களில் பெரும்பாலும் காரீயம் (லெட், நச்சு உலோகம்) கலந்திருக்கும். பிறகு பல நிறுவனங்கள் வெள்ளீயம் (டின்) மிகுந்த கலவைக்கு மாறின. பழைய சரக்கு வாங்கினால் தாளில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். காரீயம் பென்சில் போலச் சாம்பல் கோடு விடும். சந்தேகம் தீரவில்லை என்றால் அடர்த்தி சொல்லிவிடும். வடசேரியில் பொற்கொல்லர் வைத்திருப்பது போன்ற சிறு டிஜிட்டல் தராசு வேண்டும். கப்பலை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தராசின் மேல் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கப்பலை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். அப்போது தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுவே கப்பலின் கன அளவு, கன சென்டிமீட்டரில். 36.5 கிராம் கப்பல் 5.0 காட்டினால் அடர்த்தி 7.3, வெள்ளீயம்தான். அதே கப்பல் 3.8 காட்டினால் 9.6, காரீயம் தாராளமாக இருக்கிறது. சுத்தக் காரீயம் 11.3 வரும். மூழ்கிய கப்பலில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தப்பும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டால் ஒட்டாது.

காரீயக் கப்பலைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், தொட்டால் கை கழுவுங்கள், அரம் போடுவதானால் நனைத்துப் போட்டு அந்தத் தூளை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். நம் பக்கத்தில் அதற்கு இன்னொரு எதிரியும் உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மாவட்டம் இது. கடல் காற்று வேறு. ஈரக்காற்றில், பிளைவுட் அல்லது எம்.டி.எஃப். அலமாரி மெல்ல வெளியிடும் அமில ஆவி பட்டால் காரீயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். ஒருமுறை பூத்தால் உள்ளே தின்றுகொண்டே போகும். பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் வராது. குத்துவிளக்கைத் தேய்க்கிற பழக்கத்தில் புளியோ வினிகரோ போட்டுக் கழுவிவிடாதீர்கள். அமிலம்தானே நோய்க்கே காரணம்.

சொந்த வார்ப்புக்குக் காரீயம் வேண்டவே வேண்டாம். குளச்சல் பக்கம் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு மலிவாகக் கிடைக்கும், கை துறுதுறுக்கும். அது காரீயம். டயர் கடையில் விழும் பேலன்ஸ் எடையும் ஆகாது. காரீயமாக இல்லாவிட்டால் துத்தநாகமாக இருக்கும், துத்தநாகம் கொஞ்சம் கலந்தாலும் உலோகம் கூழாகி நுனிகளுக்குள் ஓடாது. ரசம் வைக்கும் பழைய ஈயச் சொம்பை உருக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளீயம்தான் அது, ஆனால் கலப்படம் இருக்கலாம். அதைவிட, ஒரு நல்ல சொம்பை அழித்து நாலு ஃபிரிகேட் செய்வது நஷ்டம். மின்னணுப் பொருள் கடையில் காரீயமில்லாத சால்டர் கட்டி கேளுங்கள்: 99.3 சதவீதம் வெள்ளீயம், 0.7 சதவீதம் செம்பு, 227 டிகிரியில் உருகும். 60/40 என்று எழுதியிருந்தால் நாற்பது பங்கு காரீயம், திருப்பிக் கொடுங்கள். கம்பியாக வரும் சால்டருக்குள் பிசின் இருக்கும்; உருக்கினால் புகையும் கசடும்தான் மிச்சம். கட்டியாகவே வாங்குங்கள். ஆண்டிமனி சேர்த்தால் கப்பல் இன்னும் விறைப்பாக வரும், ஆனால் அதை வீட்டில் கலக்காதீர்கள், நச்சு. கலந்தே விற்கும் பியூட்டர் கட்டி கிடைத்தால் அதுவே சிறந்தது.

வரைதல்

ஆட்டக்காரர் கப்பலை மேலேயிருந்து, முக்கால் மீட்டர் தூரத்திலிருந்து பார்க்கிறார். மேலிருந்து தெரியும் நிழல்வடிவம் ஒன்றே அவருக்கு முதலில் படும். வெள்ளைத் தாளில் கப்பலைக் கறுப்பாக நிரப்பி வரையுங்கள். மற்ற ஆறு கப்பலிலிருந்து அது பிரிந்து தெரியவில்லையா, மேற்பரப்பில் எத்தனை கோடு போட்டாலும் தெரியாது. ஒரே படை என்று தெரிய எல்லாவற்றிலும் பொதுவாக ஏதாவது ஒன்று வேண்டும்: ஒரே அளவு எஞ்சின் வாய், ஒரே மாதிரி கட்டளை மேடை, ஒரே கோணத்தில் சரியும் மூக்கு. குளச்சல் கரையில் ஏற்றி வைத்திருக்கும் வள்ளத்தின் மூக்கு வளைவை எடுத்துக்கொண்டு ஃபிரிகேட்டிலிருந்து போர்க்கப்பல் வரை நீட்டிப் பாருங்கள். பிறர் படையில் இல்லாத முகம் வரும். பத்மநாபபுரம் அரண்மனைக் கூரை அடுக்குகளும் அப்படித்தான், ஒரு கனத்த போர்க்கப்பலின் மேல்தளத்துக்கு அளவெடுத்தது போலப் பொருந்தும்.

எஞ்சினுக்கு மகேந்திரகிரி இருக்கிறது. இஸ்ரோ தன் திரவ எரிபொருள், கிரையோஜெனிக் எஞ்சின்களைச் சோதிக்கும் இடம். எல்.வி.எம்.3 ராக்கெட்டின் நடுக்கட்டத்தில் இரண்டு விகாஸ் எஞ்சின் இணையாக, மேற்கட்டத்தில் ஒற்றை சி.இ.20. காற்றில்லாத இடத்தில் எரிய வேண்டிய எஞ்சினின் வாய் தொண்டையைவிட மிக அகலமாக விரியும். கப்பலிலும் வாய் அகலமாக, தொண்டை ஒடுக்கமாக இருந்தால் பார்ப்பவர் மனம் விண்வெளி என்று உடனே நம்பும். வார்ப்புக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. 4 மி.மீ. வாய்க்குள் 2 மி.மீ.க்கு மேல் குழி வேண்டாம். ஆழமாகப் போனால் குழிக்குள் இருக்கும் சிலிகான் மூக்கு சில வார்ப்பிலேயே கிழிந்துவிடும்.

மற்ற அளவுகள். கையால் ஊற்றும் வார்ப்பில் எந்தப் பகுதியும் 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நிறுவனங்கள் அச்சைச் சுழற்றி வார்ப்பதால் அவர்களுக்கு இதைவிட மெல்லிசு சாத்தியம். அதைப் பார்த்து நீங்கள் வரைந்தால் ஆண்டெனா பாதியில் நிற்கும். தகட்டுக் கோடுகள் 0.3 மி.மீ. ஆழமாவது இருக்கட்டும், இல்லையென்றால் வண்ணத்துக்குள் மறைந்துவிடும். 8 மி.மீ.க்கு மேல் தடித்த இடம் இருந்தால் அடிவயிற்றில் குடைந்து மெலிதாக்குங்கள். தடித்த இடம் கடைசியில் இறுகும், இறுகும்போது மேல்தளம் உள்வாங்கும். மேலே எழும் செங்குத்துத் துடுப்பைத் தனித் துண்டாக்கி 1 மி.மீ. பித்தளைக் கம்பியால் பிணைக்கலாம். ஆறிய வார்ப்பு, அச்செடுக்க நாம் செய்யும் மூல உருவைவிட ஒரு சதவீதம் அளவுக்குச் சுருங்கும். தனிக் கப்பலுக்கு அது பொருட்டில்லை. துண்டுகள் பொருந்த வேண்டிய இடத்தில் இடைவெளி விட்டு வரையுங்கள்.

இறக்கையின் சாய்வை இந்த இடத்திலேயே முடிவு செய்ய வேண்டும். கப்பலை மூக்கு கீழே, எஞ்சின் மேலே இருக்கும்படி நிறுத்தி ஊற்றப்போகிறோம். முன்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் நுனி அப்போது கீழ்நோக்கி இருக்கும். உலோகம் தானே நிறைக்கும். பின்னோக்கிச் சாய்ந்த நுனி மேல்நோக்கி நிற்கும், காற்று அங்கே போய் மாட்டிக்கொள்ளும். பின்சாய்வு வேண்டும் என்றால் ஒவ்வொரு நுனியிலிருந்தும் மேலே ஒரு காற்றுவழி கட்டாயம்.

மூல உரு, அச்சு

மூல உருவுக்கு 0.5, 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு, எம்-சீல், பித்தளைக் குழாய், கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில் கழித்த சக்கரங்கள் போதும். முப்பரிமாண ரெசின் பிரிண்டரில் எடுத்தாலும் நல்லதே. 400, பிறகு 800 நம்பர் ஈரச் சாணைத்தாள் போட்டு, அக்ரிலிக் கிளியர் இரண்டு பூச்சு கொடுங்கள். பிரிண்டின் அடுக்குக் கோடு உங்களுக்குத் தெரியாவிட்டாலும் சிலிகானுக்குத் தெரியும்.

சிலிகான் வாங்கும்போது 300 டிகிரி வரை தாங்கும், உலோக வார்ப்புக்கான வகை என்று கேட்டு வாங்குங்கள். நம்மூர்த் தோட்டத்து ரப்பர் பாலில் அச்செடுக்கலாம் என்ற யோசனை மெழுகுக்கும் பிளாஸ்டருக்கும் சரி, உலோகத்துக்கு நிற்காது. பிளாட்டினத்தால் இறுகும் சிலிகான் கந்தகம் கலந்த களிமண்ணிலும், முழுசாகக் காயாத ரெசின் பிரிண்டிலும் பட்டால் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். வெள்ளீய வினையூக்கியால் இறுகும் வகைக்கு அந்தத் தொல்லை குறைவு.

60 மி.மீ. நீளம், 25 அகலம், 15 உயரம் உள்ள குரூசர் என்று வையுங்கள். கீழே 10 மி.மீ., மேலே ஊற்றுவாய்க்கு 30 மி.மீ., பக்கங்களில் 12 மி.மீ. விட்டால் சிலிகான் ஊற்றும் பெட்டி ஏறக்குறைய 100 × 50 × 40 மி.மீ. ஆகும், 200 கன சென்டிமீட்டர். சிலிகான் தண்ணீரைவிட நாலில் ஒரு பங்கு கனம் கூடுதல், ஆக 250 கிராம். கோப்பையில் ஒட்டுவதையும் சேர்த்து 300 கிராம் வையுங்கள்.

கப்பலை அதன் மிக அகலமான விளிம்பு வரை களிமண்ணில் புதையுங்கள். களிமண்ணைக் கப்பலோடு ஒட்ட, இடைவெளியே இல்லாமல் சாமணத்தின் முனையால் அழுத்துங்கள். சேர்கோடு எவ்வளவு சுத்தமாக வரும் என்பது இந்த அரைமணி நேரத்தில் தீர்மானமாகிறது, அவசரப்படாதீர்கள். நான்கு மூலையில் பேனா முனையால் குழி போடுங்கள். இரண்டு பாதியும் நகராமல் பிடிக்க. முதல் பாதியை ஒரு மூலையிலிருந்து மெல்லிய நூலாக ஊற்றுங்கள், குமிழி உடைந்துவிடும். இறுகியதும் திருப்பி, களிமண்ணை எடுத்துவிட்டு, கப்பலை அசைக்காமல், சிலிகான் முகம் முழுக்க வாசலின் மெல்லப் பூசி இரண்டாம் பாதியை ஊற்றுங்கள். வாசலின் படாத ஓரிடம் இருந்தாலும் இரண்டு பாதியும் ஒன்றாகிவிடும், பிறகு கத்திதான்.

வினையூக்கியின் அளவு தயாரிப்பாளர் எழுதியதே, எடையால், தராசில். வெள்ளீய வினையூக்கி வகை வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் விரைவாக இறுகும். மழைக்கால மதியத்தில் கலந்தால் ஊற்றி முடிக்கும் முன்பே கெட்டிப்படத் தொடங்கும். விடியற்காலையில் கலக்குங்கள்; நேரம் கிடைக்கட்டும் என்று வினையூக்கியைக் குறைக்காதீர்கள். இறுகிய அச்சை உடனே பயன்படுத்தவும் வேண்டாம். உள்ளே தங்கிய ஆல்கஹால் ஆவி போகும் வரை ஒரு வாரம் திறந்து வையுங்கள், அல்லது சமையலுக்குப் பயன்படாத ஓவனில் 100 டிகிரியில் சில மணி நேரம் வையுங்கள். இதைச் செய்யாத அச்சில் கப்பல் முழுக்கப் பொரி பொரியாக வரும்.

ஊற்றுவாயைக் கூரான கத்தியால் வெட்டுங்கள்: மேலே 15 மி.மீ. அகலப் புனல், கப்பலைத் தொடும் இடத்தில் 4 முதல் 5 மி.மீ. அந்த 30 மி.மீ. உயரத்தில் நிற்கும் உலோகத்தின் கனம்தான் மூக்குவரை அழுத்தம் கொடுக்கிறது. இறுகும்போது கப்பலுக்குக் கூடுதல் உலோகம் தருவதும் அதுதான். காற்றுவழி 1 மி.மீ. அகலத்துக்கு மேல் வேண்டாம்.

உருக்கி ஊற்றுதல்

20 கிராம் கப்பல் ஒன்றுக்காக 30 கிராம் உருக்கினால் ஊற்றுவதற்குள் ஆறிவிடும். கரண்டியில் 300 கிராமாவது இருக்கட்டும். கனத்த இரும்புக் கரண்டி, மின்சாரச் சுருள் அடுப்பு, காற்றோட்டமான இடம். பாதுகாப்புக் கண்ணாடி, பருத்தித் துணி, மூடிய தோல் செருப்பு இல்லாமல் தொடங்காதீர்கள். திண்ணையில் வைத்து உருக்குவதானால் சாரல் அடிக்காத நாளாகப் பாருங்கள். ஒரு சொட்டு நீர் உருகிய ஈயத்துக்குள் போனால் அது நீராவியாக வெடித்து உலோகத்தை முகத்தில் தெறிக்கவைக்கும். நனைந்த கரண்டி, ஈரக் கட்டி, குளிர்ந்து வியர்த்த அச்சு எல்லாமே அதே ஆபத்து. உருக்கிய கரண்டி பிறகு சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

வெப்பம் 270 முதல் 300 டிகிரி. லேசர் காட்டும் வெப்பமானி பளபளக்கும் உலோகத்தில் குறைவாகவே காட்டும், நம்பாதீர்கள். மல்டிமீட்டரோடு வரும் தெர்மோகப்பிள் கம்பி சரி. அதுவும் இல்லையென்றால் நன்றாகக் காய்ந்த ஈர்க்கில் ஒன்றை முக்கி எடுங்கள். பழுப்பாகி மெல்லப் புகைந்தால் சரி. தீப்பிடித்தால் சூடு அதிகம். நிறமே மாறாவிட்டால் பொறுங்கள்.

அச்சின் உள்முகத்தில் முகப்பவுடரைத் தூவி, ஊதித் தட்டிவிடுங்கள். பவுடரின் மெல்லிய படலத்தின் வழியே காற்று நழுவி வெளியேறும், உலோகம் நுனிவரை ஓடும். இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே அச்சை வைத்து ரப்பர் பேண்ட் நான்கு போடுங்கள். மேலே மிதக்கும் கசடை ஒதுக்கி, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் புனல் நிறையும்வரை ஊற்றி, அச்சை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். புனலில் பளபளப்பு மங்கிய பிறகும் மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். முதல் இரண்டு மூன்று கப்பல் அரைகுறையாகத்தான் வரும். அச்சு சூடேற நாம் கொடுக்கும் விலை அது. திரும்பக் கரண்டியில் போடுங்கள்.

அச்சு சூடான பிறகும் கோளாறு வந்தால் வார்ப்பே காரணத்தைச் சொல்லும். நுனி மழுங்கி வழவழப்பாக உருண்டு நின்றால் காற்று மாட்டியிருக்கிறது; அந்த நுனியிலிருந்து காற்றுவழி வெட்டுங்கள். நுனி சுருக்கம் சுருக்கமாக, அலை அலையாக நின்றால் உலோகம் ஆறிவிட்டது; இருபது டிகிரி ஏற்றுங்கள். மேற்பரப்பு பனி படிந்தாற்போல மங்கிச் சொரசொரத்தால் சூடு அதிகம், அல்லது அச்சு ஓய்வில்லாமல் உழைக்கிறது. விளிம்பைச் சுற்றி இறக்கை போலப் பிசிறு வந்தால் ரப்பர் பேண்ட் போதவில்லை. எதிர்ப்பக்கம், இறுக்கிக் கட்டிவிட்டால் சிலிகான் நசுங்கிக் கப்பலே ஒடுங்கும். இரண்டு பாதியும் அரை மி.மீ. தள்ளி நின்றால் மூலைக் குழிகள் ஆழமில்லை. அந்த அச்சைத் திருத்த முடியாது, புதிதாக எடுங்கள்.

தண்டு, தட்டு, வண்ணம்

உலோகக் கப்பல் கவிழ்வது பெரும்பாலும் அதைத் தட்டின் மேல் தாங்கும் தண்டு தவறான இடத்தில் இருப்பதால். கப்பலை நூல் வளையத்தில் தொங்கவிட்டு, மட்டமாக நிற்கும் இடத்தைக் குறித்து, அங்கே கைத்துரப்பணத்தால் 2 மி.மீ. துளை, 4 மி.மீ. ஆழம். எஞ்சின் பக்கம் கனம் என்பதால் அந்த இடம் நீளத்தின் நடுவுக்குப் பின்னால்தான் வரும். தண்டுக்குப் பித்தளைக் கம்பி, ஒட்டுவதற்கு அரால்டைட். உடனடிப் பசை ஓர் அடியில் விட்டுவிடும். அறுகோண அக்ரிலிக் தட்டின் அடியில் ஓர் இரும்பு வாஷர் ஒட்டினால் நிலை நிற்கும். ஃபுல் த்ரஸ்டில் சுடும் கோணங்கள் ஆறு, ஒவ்வொன்றும் 60 டிகிரி. கப்பலின் மூக்கைத் தட்டின் ஒரு பக்கத்தின் நடுவுக்கு நேராக வைத்தால் ஆறு மூலைகளே கோண எல்லைகளாகிவிடும். தனியே அளக்க வேண்டாம்.

சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துச் சாம்பல் பிரைமர் அடியுங்கள். மழை பெய்யும் நாளில் ஸ்பிரே அடித்தால் வெளிறிப் பூத்துப்போகும். அந்த மாதங்களில் தூரிகையால் பூசுங்கள். விண்கற்களுக்கு வெட்டுக்கல் சில்லு எடுத்துக் கறுப்பு அடித்துப் பாருங்கள், அதன் குழிகள் விலைக்கு வாங்கியதைவிட இயல்பாக இருக்கும். மணவாளக்குறிச்சிக் கரையின் கறுப்பு மணலை மட்டும் அள்ளி ஒட்டாதீர்கள். அதில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது.

அச்சின் விளிம்பு கருகி வெடிப்பு விட ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். அதற்கு முன்பு வார்த்ததில் ஆகச் சுத்தமான கப்பல் ஒன்றைப் பிசிறு நீக்கி, வண்ணம் பூசாமல் தனியே எடுத்து வையுங்கள். ஸ்டைரீன் மூல உரு அச்செடுக்கும்போது உடைந்திருந்தால், அடுத்த அச்சுக்கு இந்த உலோகக் கப்பல்தான் மூல உரு.